வீட்டுப் பாதுகாப்புக்கும் சுடுதளப் பயிற்சிக்கும் ஒரே துப்பாக்கி போதுமா? (டெக்சஸ்)

ஃபிரிஸ்கோ வாசி:

வணக்கம். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. மகனுக்கு 12 வயது, மகளுக்கு 7. என் பெற்றோர் கோயம்புத்தூரிலிருந்து ஆண்டுதோறும் விசிட்டர் விசாவில் வந்து சில மாதங்கள் எங்களோடு தங்கிச் செல்வார்கள்.

சென்ற மாதம் எங்கள் தெருவில், வீட்டில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தபோதே ஒருவன் பின்கதவை உடைத்து உள்ளே நுழைந்திருக்கிறான். யாருக்கும் காயமில்லை என்றாலும், அதன்பிறகு ‘நாமும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் என்ன’ என்று முதலில் கேட்டவர் என் மனைவிதான். எனக்கோ அலுவலக நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய்ப் பழகியதில் அந்த விளையாட்டின்மேலேயே தனியாக ஒரு பிடிப்பு வந்திருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் பொருந்தும்படி ஒன்றே ஒன்றை வாங்கலாம் என்று கடைக்குப் போனால், கடைக்காரர் 12 கேஜ் பம்ப் ஷாட்கன் (ஒவ்வொரு முறையும் முன்கட்டையை இழுத்துத் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கி) ஒன்றைக் கையில் கொடுத்து, வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்கிறார். நண்பர் ஒருவர் கிளாக் 19 கைத்துப்பாக்கி தவிர வேறெதைப் பற்றியும் பேச மறுக்கிறார், இன்னொருவர் ஏ.ஆர்.-15 ரைஃபிள் என்கிறார்.

மனைவி இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவர் சற்றுக் குள்ளம், கைகளும் சிறியவை. எங்கள் படுக்கையறைகள் எல்லாம் மாடியில், ஒரே நடையின் இருபுறமும் இருக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன் என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஹூஸ்டன் முத்து:

நண்பரே, கடைக்காரர் சொன்னதையும் நண்பர்கள் சொன்னதையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் மாடியின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அறை வாசலில் நின்று படிக்கட்டைப் பார்த்தால், அந்தக் கோட்டின் மறுமுனையில் யாருடைய கட்டில் இருக்கிறது? அதற்கான விடை தெரியாமல் வாங்கும் எந்தத் துப்பாக்கியும் உங்களுக்குப் பொருந்தாது. நம்மூரில் செங்கல் சுவருக்குள் வளர்ந்த நமக்கு இது உடனே தோன்றுவதில்லை. இங்கே அறைகளுக்கு இடையிலுள்ள சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகைதான். 1986-இல் மயாமியில் தன் முகவர்கள் இருவரை இழந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ., ஒரு தோட்டா, உடற்சதைக்கு ஈடாக வைத்துச் சுடும் சோதனைக் கூழில் குறைந்தது 12 அங்குலமும் அதிக அளவாக 18 அங்குலமும் புக வேண்டும் என்று வகுத்தது. அந்த அளவுக்குப் புகும் எந்தக் குண்டும் இத்தகைய சுவர்கள் சிலவற்றை எளிதாகத் துளைத்துச் செல்லும். சுவரைத் துளைக்காத, ஆனால் ஆளை நிறுத்திவிடும் தோட்டா என்று யாராவது விற்றால் அவரிடம் வாங்காதீர்கள். பறவை வேட்டைக்கான பொடி ரவை சுவரில் ஓரளவு தேங்கும் என்பது உண்மை. அதே காரணத்தால்தான் அது ஆளையும் நம்பத்தக்க முறையில் நிறுத்தாது.

ஆகவே முதலில் திட்டம், பிறகு துப்பாக்கி. பிள்ளைகளை ஒரே அறைக்குள் கொண்டுவந்து, கதவைத் தாழிட்டு, 911-ஐ அழைத்து, காவலர்கள் வரும்வரை கதவுக்கு எதிரே காத்திருப்பதுதான் திட்டமாக இருக்க வேண்டும். துப்பாக்கியோடு இருட்டில் வீட்டைச் சுற்றி வந்து திருடனைத் தேடுவது சினிமாவுக்குச் சரி. அப்படித் தேடிப் போகிறவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்த சொந்தப் பிள்ளையைச் சுட்ட செய்திகள் இந்த நாட்டில் புதியவை அல்ல. விளக்கு இல்லாமல், இன்னார் என்று தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது. தலைமாட்டில் ஒரு நல்ல டார்ச் இருப்பது துப்பாக்கி இருப்பதைவிடக் குறைந்த அவசியம் அல்ல.

இந்தத் திட்டத்துக்கு மூன்றையும் பொருத்திப் பார்ப்போம். 12 கேஜ் ஷாட்கன்னில் 00 வகைத் தோட்டா ஒன்றில் பொதுவாக 8 அல்லது 9 உருண்டைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.4 மி.மீ. விட்டத்தில் இருக்கும். அதன் வலிமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘குறியே பார்க்க வேண்டாம், சும்மா அந்தப் பக்கம் திருப்பிச் சுட்டால் போதும்’ என்று கடைகளில் சொல்வது தவறு. ஓர் அறையின் தூரத்தில் அந்த உருண்டைகள் உள்ளங்கை அளவுக்குக்கூட விரிவதில்லை. உங்கள் வீட்டு நடையின் நீளத்தை அளந்துகொண்டு, அதே தூரத்தில் சுடுதளத்தில் ஒரு தாளைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பாருங்கள். துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைக் கண்ணாலேயே காண்பீர்கள். அதன் உதையும் கொஞ்சநஞ்சம் அல்ல. முதல் முறை சுடுகிறவர் தோளைத் தடவிக்கொண்டு துப்பாக்கியைக் கீழே வைத்தால், அவர் மறுபடி அதை எடுக்கப் போவதில்லை.

ஏ.ஆர்.-15 சுடுவதற்கு உண்மையில் எளிது. உதை குறைவு, குறி நன்றாக நிற்கும். அதன் இலேசான, வேகமான குண்டுகள் பல, சுவரில் பட்டதும் உடைந்தோ புரண்டோ விடுவதால் கைத்துப்பாக்கிக் குண்டைவிட முன்னதாகவே வலுவிழக்கவும் கூடும். ஆனாலும் அடைத்த அறைக்குள் அதைச் சுடும் ஓசை காதுக்கு மிகப் பெரிய கேடு. பெரும்பாலான துப்பாக்கிகளின் ஓசை செவிக்கு உடனடித் தீங்கு செய்யும் 140 டெசிபலைத் தாண்டுவதுதான். இது இன்னும் ஒரு படி மேல். முதல் துப்பாக்கியாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

9 மி.மீ. கைத்துப்பாக்கியின் மேன்மை அதன் அளவில் இருக்கிறது. ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொள்ளலாம், கதவைத் தாழிடலாம், தொலைபேசியை எடுக்கலாம். தலைமாட்டில் ஒரு சிறிய எஃகுப் பெட்டிக்குள் பூட்டியும் வைக்கலாம். எஃப்.பி.ஐ.யே 10 மி.மீ., .40 அங்குலம் என்று பெரிய குண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. இதன் குறை, மூன்றிலும் இதைத்தான் குறி தவறாமல் சுடுவது கடினம் என்பது. குழல் சிறிது, பிடி சிறிது, கை சற்று நடுங்கினாலும் குண்டு எங்கோ போய்விடும். பயிற்சிக்குப் போகப்போவதில்லை என்றால் கைத்துப்பாக்கி வாங்காதீர்கள். நீங்களோ சுடுதளத்தையே விரும்புகிறவர், அதனால் தயங்காமல் சொல்கிறேன். ஒன்றே ஒன்றுதான் என்றால் நடுத்தர அளவுள்ள 9 மி.மீ. பிஸ்டல். கிளாக் 19 அதில் ஒன்று. தோட்டா அடைக்கும் கூடான மேகசினில் 15 தோட்டா, காலியாக ஏறத்தாழ 670 கிராம். அதில் தவறிச் சுடாமல் தடுக்க விரலால் தள்ளும் தனிப் பூட்டு கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மனைவியைக் கடைக்கு அல்ல, வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும், தோட்டா ஏற்றுவதற்குப் பிஸ்டலின் மேற்பகுதியைப் பின்னிழுக்க வராது. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி இழுப்பார்கள், அது அசையாது. உள்ளங்கையை மேலே கவிழ்த்து நான்கு விரல்களாலும் இறுகப் பற்றி, அந்தக் கையை அசைக்காமல், பிடியை வைத்திருக்கும் கையை முன்னே தள்ளச் சொல்லுங்கள். முன்னுக்குத் தள்ளும் வலு எல்லோருக்கும் உண்டு. அப்படியும் முடியவில்லை என்றால், இதற்கென்றே மெல்லிய சுருள்வில் வைத்துச் செய்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் ஈ.ஸெட். போன்றவற்றை எடுத்துப் பார்க்கட்டும். அவர் கைக்கு எது அமைகிறதோ அதையே வாங்குங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் இரவில் வீட்டில் இருப்பவர் அவர்தான்.

சான் அன்டோனியோ தமிழரசி:

முத்து அண்ணா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஷாட்கன்னை அவர் தள்ளிய விதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது 12 கேஜ். அதையே 20 கேஜில், அதாவது குழல் விட்டம் சிறிதாக, தோளில் ஊன்றும் கட்டை சற்றுக் குட்டையாக, இளையோருக்கென்று செய்தது கிடைக்கும். நானும் குள்ளம்தான், பல ஆண்டுகளாக 20 கேஜில்தான் சுடுகிறேன், தோள் வலித்ததில்லை. மாஸ்பெர்க் 500 வரிசையில் பூட்டு பின்பக்கம் மேலே, கட்டைவிரல் தானாக விழும் இடத்தில் இருப்பதால் இடக்கைக்காரர்களுக்கும் உகந்தது.

பொழுதுபோக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறார் அல்லவா? தாளில் துளை போடுவது சில மாதங்களில் சலித்துவிடும். வானில் பறக்கும் களிமண் தட்டைச் சுட்டு உடைப்பதில் இருக்கும் மகிழ்ச்சி வேறு. திறந்த வெளியில், நான்கைந்து பேர் முறைவைத்துச் சுட்டபடி பேசிச் சிரிக்கலாம். அதற்குக் கைத்துப்பாக்கி உதவாது. களிமண் தட்டுக்கு நீண்ட குழலும் வீட்டுக்கு 18 அங்குலத்துக்குச் சற்று மிகுந்த குழலும் மாற்றிப் போட்டுக்கொள்ளும்படி ஒரே துப்பாக்கியோடு இரண்டு குழல்களைச் சேர்த்து விற்பதும் உண்டு. ‘ஒன்றே போதுமா’ என்ற கேள்விக்கு நேரான விடை என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். 18 அங்குலத்துக்குக் குறைவாக மட்டும் யாரும் வெட்டிவிட வேண்டாம். 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தனிப் பதிவு வேண்டும் ஆயுதமாகிவிடும்.

பம்பை இழுக்கும் ‘சடக்-சடக்’ ஓசையைக் கேட்டதும் திருடன் ஓடிவிடுவான் என்று யாராவது சொன்னால் மட்டும் அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஓடலாம், ஓடாமல், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அந்த ஓசையிலிருந்தே தெரிந்துகொள்ளவும் செய்யலாம்.

எடிசன் சிவா:

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கைத்துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, அடையாள அட்டை, மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்று எங்கள் பாடு வேறு. முத்து சொன்ன 15 தோட்டா மேகசினை நாங்கள் வைத்திருக்கவே முடியாது. டெக்சஸில் அவை இல்லை. ஆனால் நடுவணரசுச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான், கேள்வியில் இருக்கும் ஒரு செய்தியை இதுவரை யாரும் தொடவில்லை: பெற்றோரின் விசிட்டர் விசா.

கிரீன் கார்டு உள்ளவர் தடையின்றி வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தில் உங்கள் குடிவரவு எண்ணை எழுத வேண்டும், எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும், அவ்வளவுதான். ஆனால் குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள், அதாவது பி-2 (விசிட்டர்), எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்) எல்லோரும், 1998-இல் வந்த திருத்தத்தின்படி, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலன்றித் துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருக்கவே கூடாது. சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, சுடுதளத்தில் சிறிது நேரம் கையில் வாங்கிச் சுடுவதும் ‘வசம் வைத்திருப்பது’ என்றே கொள்ளப்படுகிறது. அவர் நிலை தெரிந்தே எடுத்துக் கொடுப்பவரும் குற்றவாளி. அப்பாவை ஆசையாகச் சுடுதளத்துக்கு அழைத்துப் போய், நான்கு தோட்டா சுட வைத்து, படம் எடுத்து முகநூலில் போடுகிற நம்மவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்கிறது. விளைவு அபராதத்தோடு நிற்காது, விசாவே போய்விடலாம்.

வீட்டிலும் அப்படியே. பெற்றோர் தங்கும் மாதங்களில் பெட்டகத்தின் எண்ணோ சாவியோ அவர்களிடம் இருக்கக் கூடாது, ‘நாங்கள் வெளியே போகிறோம், அவசரமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற பேச்சும் கூடாது. வேட்டை உரிமம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வாய்மொழியாகக் கேட்டு நடக்காமல், குடிவரவு வழக்குரைஞர் ஒருவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்டின் மருத்துவர்:

நான் குழந்தை மருத்துவர். இந்த இழையில் எல்லோரும் வெளியிலிருந்து வரும் ஆபத்தையே அளந்துகொண்டிருக்கிறீர்கள். இந்நாட்டில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2020 முதல், 1 வயது முதல் 19 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற்காரணமே துப்பாக்கிதான். துப்பாக்கி இல்லாத வீடே பிள்ளைகளுக்கு மிகவும் பாதுகாப்பானது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் நிலைப்பாடு, என்னுடையதும் அதுவே. பின்கதவுக்கு நல்ல உலோகச் சட்டமும் நீண்ட திருகாணிகளும் போட்டு, ஓசை எழுப்பும் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் பொருத்திவிட்டு, அதன்பிறகும் துப்பாக்கி தேவைதானா என்று கணவனும் மனைவியும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

வாங்குவதென்றே முடிவெடுத்தால் பூட்டைப் பற்றிப் பேச வேண்டும். தோட்டா இல்லாமல் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்டி வைப்பதுதான் நாங்கள் சொல்வது. நள்ளிரவில் அதற்கு நேரமிருக்காது என்பார்கள். அப்படியானால், தோட்டா நிரப்பியது ஒன்று மட்டும் விரைவில் திறக்கும் எஃகுப் பெட்டிக்குள், அதுவும் நீங்கள் அறையில் இருக்கும்போது மட்டும். டெக்சஸ் சட்டப்படி, 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு உடனே சுடக்கூடிய துப்பாக்கி உங்கள் கவனக்குறைவால் எட்டினாலே குற்றம். அந்தப் பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர்ச்சேதமோ கடுங்காயமோ ஏற்பட்டால் தண்டனை கூடும்.

விரல்ரேகைப் பெட்டகங்களை வாங்கும்போது எச்சரிக்கை தேவை. 2023 அக்டோபரில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழியாக ஏறத்தாழ 61,000 பெட்டகங்கள் திரும்பப் பெறப்பட்டன. உரிமையாளர் தன் விரலைப் பதிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்க, பதிவாகாத நிலையில் அவை யார் விரலை வைத்தாலும் திறந்தன. அப்படி ஒரு பெட்டகத்திலிருந்து எடுத்த துப்பாக்கியால் ஒரு சிறுவன் இறந்ததாக வழக்கு இருக்கிறது. அவனுக்கும் 12 வயதுதான். பெட்டியை வாங்கியதும், பதிவு செய்யாத விரல்களை, குறிப்பாகப் பிள்ளைகளின் விரல்களை, காலிப் பெட்டியில் வைத்துச் சோதியுங்கள். எண்பூட்டு என்றால் பிறந்தநாளும் வீட்டு எண்ணும் வேண்டாம். 12 வயதுப் பையனுக்கு உங்கள் தொலைபேசியின் எண் இந்நேரம் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, உள்ளரங்கச் சுடுதளத்தின் காற்றில் ஈயத்தூள் இருக்கும். திரும்பியதும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு கையும் முகமும் கழுவி, காலணியை வாசலிலேயே விட்டு, துணியைத் தனியாகத் துவையுங்கள். அதன்பிறகே மகளைத் தூக்குங்கள்.

ஃபிரிஸ்கோ வாசி:

அனைவருக்கும் நன்றி. பெற்றோரின் விசா பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. சிவா சொல்லியிராவிட்டால் இந்தக் கோடையில் அப்பாவை அழைத்துப் போயிருப்பேன். மருத்துவர் சொன்னபடி கதவையும் எச்சரிக்கைக் கருவியையும் முதலில் முடிக்கிறோம். துப்பாக்கி வாங்குவதைப் பெற்றோர் ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மனைவியும் சொல்கிறார். அதுவரை சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்தே இருவரும் பழகுவதாக எண்ணம். பழகுவதற்கு எதில் தொடங்குவது? டிசம்பரில் நாங்கள் சென்னைக்குப் போவதால், அதற்கு ஏதேனும் முன்னேற்பாடு வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

ஹூஸ்டன் முத்து:

.22 அங்குலச் சிறு தோட்டாவில் தொடங்குங்கள். 1964-இலிருந்து வந்துகொண்டிருக்கும் ரூகர் 10/22 ரைஃபிள் பெரும்பாலான இடங்களில் வாடகைக்கே கிடைக்கும். உதை என்று ஒன்று இருப்பதே தெரியாது, தோட்டா விலையும் 9 மி.மீ. விலையில் பாதிக்கும் குறைவு. ஓசைக்கும் உதைக்கும் முன்கூட்டியே கண்ணை மூடிக் கையை இறுக்குவதுதான் புதியவர்களின் குறி தவறுவதற்கு முதற்காரணம். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளுமுன் விசையை மெல்ல அழுத்தக் கற்றுவிட்டால், 9 மி.மீ.க்கு மாறும்போது பாதி வேலை முடிந்திருக்கும். முதல் வகுப்பில் மனைவிக்கு நீங்களே சொல்லிக்கொடுக்காமல் இருவரும் ஒரு பயிற்றுநரிடம் போங்கள். கணவன் மனைவிக்குக் கற்றுக்கொடுப்பது காரோட்டுவதிலேயே எப்படி முடியும் என்பது தெரிந்ததுதானே.

சென்னைப் பயணத்தைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. சுடுதளத்துக்கென்று ஒரு பையை ஒதுக்குங்கள். அந்தப் பை ஒருபோதும் விமானம் ஏறக் கூடாது. முதுகுப்பையின் அடியிலோ பக்கப் பையின் தையலுக்குள்ளோ ஒரே ஒரு தோட்டா சிக்கியிருந்து, இந்திய விமான நிலையத்தின் எக்ஸ்ரேயில் தெரிந்து, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானவர்கள் பலர். நாம் இங்கே சாதாரணமாக வாங்கும் 9 மி.மீ. தோட்டா அங்கே தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. பொருள் தம்மிடம் இருப்பதை அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருப்பதால், உயர் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளை ரத்து செய்வது வழக்கம்தான். ஆனால் அதற்கு முன் பாஸ்போர்ட்டும் விடுமுறையும் திரும்பும் டிக்கெட்டும் என்னவாகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் எல்லாப் பைகளையும், பிள்ளைகளின் பள்ளிப்பைகள் உட்பட, கவிழ்த்துக் கொட்டி, தையல் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். சட்டைப்பைகளையும் விடாதீர்கள், சுட்டு முடித்த வெற்றுக்கூடுகள் காலருக்குள் விழுந்து பைக்குள் போவது எல்லோருக்கும் நடக்கிறது, வெற்றுக்கூடு என்றாலும் அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.